ஒற்றையரில் 27, இரட்டையரில் 1: டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சா பற்றி வாசகர் கேள்விகள்

கே: சானியா மிர்சா உலகத் தரவரிசையில் 27-ஆம் இடத்தைத் தாண்டி மேலே வரவே இல்லை என்கிறார் என் மாமா. பத்திரிகைகளோ 'உலகின் முதல்நிலை விளையாட்டாளர்' என்று எழுதின. எது சரி?
– பூப்பந்து ரசிகர், சுங்கை சிப்புட்

ப: இரண்டும் சரி. 27 என்பது ஒற்றையரில் 2007 ஆகஸ்டில் அவர் எட்டிய உச்சம். இரட்டையரில் 2015 ஏப்ரல் 13 அன்று முதலிடத்துக்கு வந்தார்; மொத்தம் 91 வாரம் அங்கே இருந்தார். பட்டியல்கள் வேறு வேறு.

பூப்பந்து பார்த்துப் பழகியவர்கள் குழம்புவது இன்னோர் இடத்தில். பூப்பந்துத் தரவரிசையில் புள்ளி ஜோடிக்குச் சொந்தம். ஜோடி பிரிந்தால் புது ஜோடிக்குப் புதுக் கணக்கு. டென்னிஸில் புள்ளி ஆளுக்குச் சொந்தம். 2014-இல் காரா பிளாக் என்ற ஜோடியுடன் ஆடிச் சேர்த்த புள்ளிகளோடுதான் 2015 மார்ச்சில் மார்ட்டினா ஹிங்கிஸுடன் சேர்ந்தார் சானியா. இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் மூன்றையும் இருவரும் அடுத்தடுத்து வென்றார்கள், முதலிடம் வந்துவிட்டது. ஆனால் புள்ளிக்கு ஆயுள் 52 வாரம்தான். போன ஆண்டு வென்ற போட்டியில் இந்த ஆண்டு கோட்டைவிட்டால் மளமளவென இறங்க வேண்டியதுதான்.

கே: ஒற்றையரில் முடியாமல்தானே இரட்டையருக்கு ஒதுங்கினார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

ப: 'ஒதுங்கினார்' என்பது அநியாயம் ஐயா. 2008-இல் வலது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை, முட்டியிலும் தொல்லை. 2013-இல் ஒற்றையரை விட்டார். அவருடைய பலம் முன்கை அடி (ஃபோர்ஹேண்ட்). பலவீனம் சர்வீஸும் ஓட்டமும். ஒற்றையரில் 8.23 மீட்டர் அகலத்தையும் ஒருவரே காக்க வேண்டும். இரட்டையரில் அகலம் 10.97 மீட்டர், ஆனால் பங்கு பாதி. சர்வீஸ் முறையும் நான்கு கேமுக்கு ஒருமுறைதான். சானியா பின்கோட்டிலிருந்து விளாச, திணறி வரும் பந்தை வலையருகே ஹிங்கிஸ் முடித்துவைப்பார். 2015 விம்பிள்டன் இறுதியில் மக்கரோவா–வெஸ்னினா ஜோடியிடம் மூன்றாவது செட்டில் 2-5 என்று பின்தங்கி, பிறகு 5-7, 7-6, 7-5 என வென்றார்கள். கிராண்ட் ஸ்லாம் எனும் நான்கு பெரும் போட்டிகளில் சானியாவின் பட்டங்கள் மொத்தம் ஆறு: பெண்கள் இரட்டையரில் 3, கலப்பு இரட்டையரில் 3. ஒதுங்கியவர் கணக்கா இது?

கே: குழந்தை பிறந்த பிறகும் ஆடினாரா?
– தோட்டத்து வாசகி

ப: ஆடினார். 2018 அக்டோபரில் மகன். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாதியா கிச்செனோக்குடன் இறங்கி, திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம். 2023 பிப்ரவரியில் துபாயில் ஓய்வு.

கே: படிவம் 1 படிக்கும் என் மகள் பழைய துரைமார் கிளப் கோர்ட்டில் ஆடுகிறாள். சானியா மாதிரியே முன்கை அடிப்பாள். இப்போது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் வலி. என்ன செய்வது?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

ப: அந்த அடியைக் காப்பியடிக்க விடாதீர்கள் அம்மா. சானியாவின் மூட்டுகள் இயல்பை மீறி வளைபவை. அவருக்கே அந்த மணிக்கட்டு கத்திக்குப் போனது. வலி போகும்வரை ராக்கெட் வேண்டாம். கதவுக் குமிழைத் திருகும்போது சுருக்கென்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறகு ராக்கெட்டைப் பாருங்கள். பிடித்திருக்கும்போது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையே மறு கையின் சுட்டுவிரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறிது. பிள்ளை இறுக்கிப் பிடிப்பாள், பாரம் மணிக்கட்டில் ஏறும். மேலே ஓவர்கிரிப் (பிடிமேல் சுற்றும் நாடா) ஒன்று சுற்றினால் தடிக்கும். விறைப்பான பாலியெஸ்டர் ஸ்டிரிங் கட்டியிருந்தால் அறுத்துவிட்டு, மென்மையான 'சிந்தெட்டிக் கட்' (synthetic gut) ஸ்டிரிங்கை 50 பவுண்டு இழுவிசைக்குள் கட்டச் சொல்லுங்கள்.

பந்தையும் சோதியுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் அரை மீட்டருக்கு மேல் எழும்ப வேண்டும். எழும்பாத பந்தை விரட்ட மணிக்கட்டைச் சுண்டி அடிப்பார்கள், அதுதான் வினை. சாயங்கால மழைக்குப் பின் தேங்கிய நீரில் உருண்ட பந்து இன்னும் மோசம். ரோமம் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அதைக் காயவைத்த பிறகே எடுக்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது பச்சைப் புள்ளிப் பந்து போதும், வேகம் கால் பங்கு குறைவு. சர்வீஸ் கோட்டருகே நின்று மெதுவாக, பந்து உடம்புக்கு முன்னால் இருக்கும்போதே அடிக்கட்டும்.