ரோமர் 9-ஐ வைத்து ஒரு சண்டை

அன்புள்ள ஆலோசகருக்கு,

பதினைந்து வருட நட்பு உடைந்துபோன வேதனையில் எழுதுகிறேன். வேதபாட வகுப்பில் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 9-ம் அதிகாரம் வந்தது. களிமண்ணை எந்தப் பாத்திரமாக வனைவது என்பது குயவன் இஷ்டம் என்று பவுல் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார், தேவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு முன்குறித்தவர்கள்தான் இரட்சிக்கப்படுவார்கள் என்றேன். என் நண்பன் எல்லார் முன்னாலும், "அப்போ நாமெல்லாம் பொம்மைகளா? உன் தேவனுக்கு இரக்கமே இல்லையா?" என்று கேட்டான். 'உன் தேவன்' என்கிறான்! இரட்சிப்பு மனுஷனுடைய தீர்மானம் என்று சுய சித்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறவன் கடைசியில் தன்னையே இரட்சகனாக்கிக்கொள்கிறான் என்று திருப்பிச் சொன்னேன். உடனே என்னைப் பெருமைக்காரன் என்றான். தாழ்மையைப் பற்றி அவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்! போதகரும் இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது என்று மழுப்பிவிட்டார். அப்புறம் நான் வகுப்புக்கே போகவில்லை, அவனும் ஒரு போன் செய்யவில்லை. எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டானே, அதைத்தான் மறக்க முடியவில்லை. வீட்டிலும் நிம்மதி இல்லை. அண்ணன் விசுவாசத்தை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது, நானும் அவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், அவருக்காக ஜெபிப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தேவனால் தெரிந்துகொள்ளப்படாதவர் என்றால் ஜெபித்து என்ன ஆகப்போகிறது, சரி, அது வேறு விஷயம். சத்தியத்தைச் சொன்னதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

*

அன்புச் சகோதரருக்கு,

அது வேறு விஷயம் என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அந்த விஷயம்தான்.

ஒரே நாளில் தண்ணீரில் இறங்கிய இருவரில் ஒருவர் போய்விட்டார் என்றால், மற்றவர் நிலைத்திருப்பார் என்பதற்கு என்ன நிச்சயம்? அந்தப் பயத்தில்தான் முன்குறித்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை, எத்தனையோ விசுவாசிகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்காக அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். நண்பர் இரக்கமே இல்லையா என்று கேட்டது இவ்வளவு சுடுகிறதே, அதே கேள்வி உங்களுக்குள்ளும் இருப்பதால்தானோ?

இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. அண்ணன் தெரிந்துகொள்ளப்படாதவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? முன்குறித்தலை நம்புவது ஒன்று, அந்தப் பெயர்ப் பட்டியல் கையில் இருப்பதுபோல் நடந்துகொள்வது வேறு. முன்குறித்தலை அழுத்தமாகப் போதித்த சபைச் சீர்திருத்தவாதி கால்வினே இதற்குள் ஆராய்ச்சி ஆர்வத்தோடு நுழைகிறவன் வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொள்வான் என்று எச்சரித்தவர். நாம் தெரிந்துகொள்ளப்பட்டோமா என்று அறிய கிறிஸ்து என்கிற கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். நண்பர் உங்கள் உபதேசத்தைப் பெருமை என்றிருந்தால் அது தவறு. அண்ணனுக்கு நீங்கள் எழுதிய தீர்ப்பை நண்பர் அறியமாட்டார், ஆனாலும் அவர் சொன்ன சொல் அதற்குப் பொருந்துகிறது.

ரோமர் 9-ஐத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். குயவன் வருவது 21-ம் வசனத்தில். அதற்கு வெகு முன்பே, 2-ம் 3-ம் வசனங்களில், பவுல் தன் சொந்த ஜனங்களுக்காக இடைவிடாத மனவேதனைப்படுகிறார், அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார். குயவனைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு, 10:1-ல், அவர்கள் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தன் ஜெபம் என்கிறார். அதே பவுல்தான்! போகப்போக, 11:33-ல், தேவனுடைய தீர்ப்புகள் ஆராயமுடியாதவை என்று வியந்து நிற்கிறார். அவருக்கே எட்டாததை உங்கள் போதகர் மழுப்பினார் என்று வருத்தப்படாதீர்கள்.

நண்பர் விஷயம் இதைவிடச் சின்னது. உங்களைப் போலவே நண்பர்களாயிருந்த இரண்டு ஆங்கிலேயப் பிரசங்கிகளைப் பாருங்கள். ஜான் வெஸ்லி 1739-ல் முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார், ஜார்ஜ் விட்ஃபீல்ட் அதை எதிர்த்து எழுதினார், இருவருக்கும் பெரிய மனக்கசப்பு. 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது அவர் விருப்பப்படியே லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அவர்கள் கருத்து ஒன்றும் மாறிவிடவில்லை.

நீங்களே போன் செய்யுங்கள். யார் சொன்னது சரி என்ற பேச்சை எடுக்காமல், அண்ணனைப் பற்றிச் சொல்லி, சேர்ந்து ஜெபிக்கக் கேளுங்கள். அண்ணனோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று கடிதத்தில் இல்லையே, அடுத்த முறை அதை எழுதுங்கள்.