நாஜிகள் தப்பியது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: சார், இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு இத்தனை நாஜிகள் எப்படித் தென் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள்? ரகசிய இயக்கம் ஏதாவது இருந்ததா?

பதில்: சினிமாவில் வருகிற மாதிரி எல்லாரையும் கடத்திவிட்ட ஒரே இயக்கம் கிடையாது. பெரும்பாலும் ஒரு காகிதம்தான் காப்பாற்றியது. 1945க்குப் பிறகு லட்சக்கணக்கான அகதிகள் எந்தச் சான்றும் இல்லாமல் ஐரோப்பாவில் அலைந்தார்கள். அவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் பயணப் பத்திரம் கொடுத்தது. சொன்ன பெயரைத் துருவிப் பார்க்க அங்கே ஆளில்லை. ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குள் வந்து, தெற்கு டிரோல்காரன் (வட இத்தாலியில் ஜெர்மன் பேசுகிறவர்கள் வாழும் பகுதி), நாடற்றவன் என்று சொன்னால் போதும். யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய ஐக்மன் ‘ரிக்கார்டோ கிளெமென்ட்’ ஆனார், ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள்மீது கொடூரச் சோதனைகள் செய்த மருத்துவர் மெங்கலே ‘ஹெல்முட் கிரிகோர்’ ஆனார். இருவரும் இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவில்தான் அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மெங்கலே 1949இல், ஐக்மன் 1950இல்.

கேள்வி: வத்திக்கான் உதவியதாகச் சொல்கிறார்களே?

பதில்: ரோமில் இருந்த சில குருமார்கள் உதவியது உறுதி. ட்ரெப்ளிங்கா கொலை முகாமின் தளபதி ஸ்டாங்கலைச் சிரியாவுக்கு அனுப்பிவைத்தவர் ஆஸ்திரிய ஆயர் அலோய்ஸ் ஹூடால். போப்புக்கு எவ்வளவு தெரியும் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

கேள்வி: அமெரிக்கா சும்மாவா இருந்தது?

பதில்: சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை! பிரான்ஸின் லியோன் நகரில் கெஸ்டபோ (நாஜி ரகசியப் போலீஸ்) அதிகாரியாக இருந்த கிளாஸ் பார்பியை 1947 முதல் அமெரிக்க ராணுவ உளவுத்துறையே வேலைக்கு வைத்திருந்தது. பிரான்ஸ் தேடிக்கொண்டிருக்க, 1951இல் ‘அல்ட்மன்’ என்ற பெயரில் பொலிவியாவுக்கு அனுப்பிவிட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பயன்படுவார் என்ற கணக்கு. 1983இல்தான் பிரான்ஸிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

கேள்வி: கடைசிவரை பெயரை மறைத்தேவா வாழ்ந்தார்கள்?

பதில்: அங்கேதான் வயிறு எரிகிறது. ஸ்டாங்கல் பிறகு பிரேசில் போய்ச் சொந்தப் பெயரிலேயே ஃபோக்ஸ்வாகன் ஆலையில் வேலை பார்த்தார், 1967இல்தான் கைது. மெங்கலே 1956இல் அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் ஐரிஸிலுள்ள மேற்கு ஜெர்மனி தூதரகத்துக்கே போய், தன் உண்மைப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கினார். ஒளிந்திருந்தவர்களின் சாமர்த்தியத்தைவிடத் தேட வேண்டியவர்களின் அசட்டைதான் பெரிது என்பேன்.

கேள்வி: ஐக்மனைக் கண்டுபிடித்தது மொசாட்தானே?

பதில்: பிடித்தது இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட். துப்புக் கொடுத்தவர் லோதர் ஹெர்மன். டாகாவ் என்ற நாஜி சித்திரவதை முகாமில் அடைபட்டிருந்தவர், பிறகு பார்வை இழந்தவர். அவர் மகளோடு பழகிய பையன் தன் குடும்பப் பெயர் ஐக்மன் என்று சொல்லியிருக்கிறான். அப்பன் பெயரை மாற்றிக்கொண்டாலும் பிள்ளைகள் மாற்றவில்லை! ஹெர்மன் 1957இல் ஜெர்மன் அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பாவருக்கு எழுதினார். பாவருக்குத் தன் நாட்டு அதிகாரிகள் மேலேயே நம்பிக்கை இல்லை, இஸ்ரேலிடம் சொன்னார். அவர்களோ, இந்த ஏழை வீட்டிலா ஐக்மன் இருப்பான் என்று முதலில் விட்டுவிட்டார்கள். 1960 மே 11இல்தான் ஆளைக் கடத்திப் பிடித்தார்கள்.

கேள்வி: தண்டனையே இல்லாமல் செத்தவர்கள்?

பதில்: நிறைய. ஆட்களை உள்ளே அடைத்துக் கொல்லும் நச்சுவாயு வண்டிகளை ஓடவிட்ட வால்டர் ராவ்ஃபை ஒப்படைக்க முடியாது, வழக்குக்கான காலம் கடந்துவிட்டது என்று சிலி உச்ச நீதிமன்றம் 1963இல் சொன்னது. 1984இல் சாண்டியாகோவில் சுதந்திரமாகவே செத்தார். மெங்கலே 1979இல் பிரேசில் கடலில் குளிக்கும்போது இறந்து, வேறு பெயரில் புதைக்கப்பட்டார். உலகத்துக்குத் தெரிந்தது 1985இல்.