லென்ஸ், கோட்டிங், ஃபிரேம்: கண்ணாடிக் கடைக்காரியிடம் சில கேள்விகள்

ஆப்டிக்கல்ஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான், கண் டாக்டர் அல்ல. டாக்டரோ ஆப்டோமெட்ரிஸ்ட்டோ எழுதித் தரும் பவர் சீட்டைக் கண்ணாடியாக்கித் தருவது என் வேலை. அதனால் வந்த கேள்விகளில் நோய் சம்பந்தப்பட்டவற்றை விட்டுவிட்டு, கடை சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 8. இப்போது போட்டிருப்பது 1.67 லென்ஸ், ஆனாலும் ஓரம் தடியாகத் தெரிகிறது. 1.74 போட்டால் மெலிந்துவிடுமா? விலை எக்கச்சக்கமாகச் சொல்கிறார்கள்.

மெலியும். 1.67, 1.74 என்பது லென்ஸின் இன்டெக்ஸ், அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் எண். எண் ஏற ஏற லென்ஸ் மெலியும். ஆனால் கொடுக்கிற காசுக்கு ஏற்ற அளவு மெலியாது. முதலில் உங்கள் ஃபிரேமின் காதுக் கம்பியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். 54, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், 18, அப்புறம் 140 என்பது மாதிரி எண்கள் இருக்கும். 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் வரும் இடைவெளி, 140 கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர்.

இனி கணக்கு. 54-ம் 18-ம் சேர்ந்து 72. உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம், நாங்கள் பி.டி. என்பது, 62 என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு லென்ஸையும் 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி வெட்டுகிறோம். அப்போது மையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் வரை 32 மி.மீ. வந்துவிடுகிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லியது. ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். அதுவும் தூரம் இரண்டு மடங்கானால் தடிமன் கூடுவது ஏறக்குறைய நான்கு மடங்கு. உங்கள் பவருக்கு இந்த ஃபிரேமில் 1.67 போட்டால் ஓரம் சுமார் ஏழரை மி.மீ., 1.74 போட்டால் ஏழுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே கண்ணுக்கு 46–20 அளவில், வட்டத்துக்கு நெருக்கமான ஒரு ஃபிரேம் எடுங்கள். மையத்திலிருந்து ஓரம் 25 மி.மீ.தான். அதில் விலை குறைந்த 1.60 லென்ஸே சுமார் ஐந்தரை மி.மீ.யில் முடிந்துவிடும். பெரிய ஃபிரேமில் போட்ட 1.74-ஐ விட இது மெல்லிசு! இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்வார்கள். கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இன்டெக்ஸ் ஏறும்போது பொதுவாக ஆபே எண் இறங்கும். ஒளியை நிறம் பிரிக்காமல் அனுப்பும் திறனைக் காட்டும் எண் அது. சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு 58, 1.60-க்கு 41 அளவு, 1.67-க்கும் 1.74-க்கும் 32, 33. பெரிய பவரில் ஓரப் பார்வையில் டியூப்லைட்டைச் சுற்றி நீலமும் மஞ்சளும் கோடாகத் தெரிவது இதனால்தான்.

ஆன்லைனில் வாங்கலாம் என்றால் பி.டி. கேட்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ஸ்கேலால் அளந்தால் போதாதா?

உங்கள் பவர் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மையம் விலகினால் லென்ஸ் பிரிசம் மாதிரி வேலை செய்து பிம்பத்தைப் பக்கவாட்டில் தள்ளும். எத்தனை சென்டிமீட்டர் விலகல், அதைப் பவரால் பெருக்கினால் எத்தனை பிரிசம் என்று வந்துவிடும். மொத்தம் 4 மி.மீ. தவறினால் மைனஸ் 1-க்கு 0.4தான், பலருக்கும் அது தெரியாது. மைனஸ் 8-க்கு 3.2. சாயங்காலம் தலைவலியோடுதான் வீடு போவீர்கள். சின்னப் பவருக்கு ஸ்கேல் போதும், தாராளமாக ஆன்லைனில் வாங்குங்கள். மூன்றுக்கு மேல் என்றால் நேரில் போய் அளந்து வாங்குங்கள் என்பேன். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸான ப்ரோக்ரெசிவ் என்றால் பவர் எவ்வளவாக இருந்தாலும் நேரில்தான்.

ஐ.டி. வேலை, பத்து மணி நேரம் கம்ப்யூட்டர். ப்ளூ கட் அவசியமா மேடம்?

இல்லை. 2023-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நீல ஒளியை வடிகட்டும் ப்ளூ கட் லென்ஸ் கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. திரையிலிருந்து வரும் நீலத்தைவிட வெளியே பகல் வெளிச்சத்தில் வருவது பல மடங்கு. கண் எரிவது பெரும்பாலும் திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதைக் குறைத்துவிடுவதால், ஏசி காற்று நேரே முகத்தில் அடிப்பதால். இதைச் சொன்னதற்காக எங்கள் தொழில்காரர்களே என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. அந்தக் காசை நல்ல ஏ.ஆர். கோட்டிங்கில், அதாவது ஒளி திருப்பி அடிப்பதைக் குறைக்கும் பூச்சில், போடுங்கள்.

அந்த ஏ.ஆர். கோட்டிங் மட்டும் அவசியமா? பச்சையாக மினுங்குகிறதே, அதுவே ஏமாற்றுதானோ என்று தோன்றுகிறது.

கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் ஒரு பக்கத்துக்கு 4 சதவீதம், இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. 1.67-இல் இது 12 சதவீதத்தைத் தொடும். ஆக லென்ஸ் ஒசத்தியாக ஆக, கோட்டிங் இல்லாமல் போடுவது அவ்வளவுக்கு நஷ்டம். மெல்லிய படலங்களை அடுக்கி, அவற்றிலிருந்து திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்வதுதான் ஏ.ஆர். இந்த வித்தையை 1935-இல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் ஸ்மக்குலா என்ற இயற்பியலாளர் கண்டுபிடித்தார். எல்லா நிறத்தையும் முழுசாக அழிக்க முடியாது. மிச்சம் நிற்பதுதான் அந்தப் பச்சை. இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எதிரே வரும் ஹெட்லைட் லென்ஸுக்குள் இரட்டையாகத் தெரிவது இதில் நன்றாகக் குறையும்.

வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, லென்ஸ் முழுக்க சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. பக்குவமாகத்தான் வைத்திருந்தேன்.

ஸ்கூட்டர் டிக்கியிலோ, வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டிலோ வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும், மேலே உள்ள கோட்டிங் அந்த அளவுக்கு விரியாது. இழுபட்டு வெடித்துவிடும். வெந்நீரில் கழுவினாலும் இதே கதிதான். வெடித்ததைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸை மாற்றத்தான் வேண்டும்.

துடைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முந்தானையாலோ சட்டை நுனியாலோ உலர்வாகத் துடைக்காதீர்கள். தூசியைத் துணியோடு சேர்த்துத் தேய்ப்பதுதான் கீறலுக்குக் காரணம், துணி மட்டும் அல்ல. பச்சைத் தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் தடவி, அலசி, அப்புறம் கண்ணாடித் துணியால் ஒற்றுங்கள். தலையில் எண்ணெய் வைப்பவர்கள் தினமும் செய்யலாம்.

'ஃபைபர்' லென்ஸ் என்கிறார்களே, பழைய கண்ணாடி லென்ஸைவிட அது மட்டமா?

நம் கடைகளில் ஃபைபர் என்பது பிளாஸ்டிக்கைத்தான். கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது, ஆனால் எடை ஏறக்குறைய இரு மடங்கு. கீழே விழுந்தால் உடையும், கண்ணருகே உடைந்தால் ஆபத்து. இன்றைக்கு அதைக் கேட்டு வாங்கக் காரணம் எதுவும் இல்லை.

மகனுக்கு எட்டு வயது. வருஷா வருஷம் பவர் ஏறுகிறது. என்ன லென்ஸ், என்ன ஃபிரேம்?

பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ். இரண்டும் பந்து அடித்தாலும் எளிதில் சிதறாத பிளாஸ்டிக் வகைகள். பாலிகார்பனேட் சுலபமாகக் கீறும் என்பதால் ஹார்ட் கோட் உண்டா என்று கேளுங்கள். முழு ரிம் ஃபிரேம் எடுங்கள், ரிம்லெஸ் வேண்டாம். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். மூக்கில் இறங்கி, பையன் லென்ஸுக்கு மேலே பார்க்கத் தொடங்கிவிடுவான்.

பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கவென்றே இப்போது தனி லென்ஸ்கள் வந்திருக்கின்றன. நடுவில் தெளிவான வட்டம், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்கள். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஹோயா நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிம்ஸ் வகை லென்ஸ், இரண்டு வருஷ ஆய்வில் சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால் ஏற்றத்தைப் பாதிக்கு மேல், 52 சதவீதம், குறைத்தது. நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலை அதிகம். உங்கள் பையனுக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வெள்ளெழுத்து. ப்ரோக்ரெசிவ் போட்டுக் கொடுத்தோம், மாடிப்படி இறங்கவே பயப்படுகிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ப்ரோக்ரெசிவ் லென்ஸில் மேலே தூரப் பவர், கீழே படிக்கும் பவர், நடுவில் ஒரு குறுகிய பாதை. இரண்டு பக்கமும் கீழே மங்கல் இருந்தே தீரும். 1959-இல் பிரான்ஸில் வேரிலக்ஸ் என்ற ப்ரோக்ரெசிவ் லென்ஸ் வந்ததிலிருந்து மங்கலைக் குறைத்திருக்கிறார்களே தவிர, யாரும் ஒழித்துவிடவில்லை. படியை லென்ஸின் கீழ்ப் பகுதி வழியாகப் பார்த்தால் மிதப்பது போல இருக்கும். கண்ணை மட்டும் தாழ்த்தாமல் முகத்தையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. இரண்டு வாரம் கொடுங்கள்.

அதற்குள் கடைக்குப் போய் ஒன்று கேளுங்கள்: ஃபிரேமை அம்மா முகத்தில் மாட்டி, கண்மணி எந்த உயரத்தில் வருகிறது என்று குறித்தார்களா? குறிக்காமல் பொத்தாம் பொதுவாகப் போட்டிருந்தால் இரண்டு மாதம் ஆனாலும் பழகாது. ஃபிரேமின் உயரம் 30 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கலாம். அம்மா வீட்டிலேயே இருப்பவர், பேப்பர் படிக்கவும் அரிசி பொறுக்கவும்தான் கண்ணாடி என்றால், தனியாக ஒரு படிக்கும் கண்ணாடி போதும். எல்லாரும் ப்ரோக்ரெசிவ் போட வேண்டும் என்று சட்டம் இல்லை.

வெயிலில் கறுக்கும் லென்ஸ் வாங்கினேன். காருக்குள் கறுக்கவே இல்லை. டூப்ளிகேட்டா?

அசல்தான். அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். காரின் முன் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. சூட்டிலும் கறுப்பு குறையும் என்பதால் மே மாதச் சென்னையைவிட ஊட்டியில்தான் நன்றாகக் கறுக்கும். கார் ஓட்டும்போது போடத்தான் வேண்டும் என்றால் பவர் போட்ட கூலிங் கிளாஸ் தனியாக வாங்குங்கள்.

மெட்டல் ஃபிரேம் மூக்குப் பக்கம் பச்சையாகிறது, தோலும் அரிக்கிறது.

பச்சை என்பது வியர்வை பட்டு, செம்பு கலந்த உலோகத்தில் ஏறும் களிம்பு. அரிப்பு நிக்கலால் இருக்கலாம். டைட்டானியம், அல்லது அசிடேட் போன்ற பிளாஸ்டிக் ஃபிரேமுக்கு மாறுங்கள். கம்பியில் டைட்டானியம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, முழு ஃபிரேமும் அதுதானா என்று கேளுங்கள்.

பழைய ஃபிரேம் பிடித்திருக்கிறது. அதிலேயே புது லென்ஸ் போட முடியுமா?

முடியும், செலவும் மிச்சம். கீல் ஆடாமல், ரிம் வெளுத்து விறைக்காமல் இருக்க வேண்டும். காய்ந்துபோன அசிடேட் ஃபிரேமைச் சூடு காட்டி லென்ஸ் ஏற்றும்போது உடைவதுண்டு, அந்தப் பொறுப்பை எந்தக் கடையும் ஏற்காது. ரிம்லெஸ் என்றால் பழைய லென்ஸின் ஓட்டைகளை அளந்து புதிதில் போட வேண்டும், கூலி தனி. லென்ஸ் தயாராகும் நாலைந்து நாளும் ஃபிரேம் எங்களிடம்தான் இருக்கும். மாற்றுக் கண்ணாடி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள்.