கம்பும் வாளியும்

கேள்வி: கணவரின் வேலை மாற்றத்தால் கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவின் பாலேக் பூலாவில் உள்ள அவருடைய கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. குரங்குகள் சமையலறைக்குள் புகுந்து ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. போன மாதம் கோழிக்கூண்டில் மலைப்பாம்பு. வனவிலங்கு இலாகாவை அழைத்து எல்லாவற்றையும் பிடித்துப் போகச் சொன்னால் கணவர் தயங்குகிறார். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. முன்பெல்லாம் விடிவதற்குள் கம்பும் வாளியுமாகக் கொல்லைக்குப் போய்விடுவாராம். நாங்கள் வந்ததும் அதை நிறுத்தி, ஓய்வாக உட்கார வைத்துவிட்டோம். பிள்ளைகளோடு இங்கே எப்படி வாழ்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: குரங்குக்கும் பாம்புக்கும் உங்கள் கடிதத்தில் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். மாமியாருக்குக் கிடைத்தது கடைசியில் இரண்டு வரி. உங்களுக்கு வேண்டிய விடை அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.

அந்த வாளியில் அவர் எதைப் பொறுக்கினார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? பாலேக் பூலாவில் பழமரம் இல்லாத கொல்லை அரிது. இரவில் விழுந்த பழத்தைக் குரங்குக் கூட்டம் இறங்குவதற்குள் அள்ளியிருப்பார். தரையில் தீனி இல்லையென்றால் கூட்டம் தங்காது. அழுகிக் கிடந்தால் காட்டுப்பன்றி வரும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கம்பு எதையும் அடிப்பதற்கு அல்ல. தரையைத் தட்டிக்கொண்டு நடந்தால் அந்த அதிர்வை உணர்ந்து பாம்பு பெரும்பாலும் விலகிவிடும். வீட்டுக்கு இருந்த ஒரே காவலை நீங்களே எடுத்துவிட்டு, திருடன் வருகிறான் என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

ஓய்வு கொடுத்தோம் என்கிறீர்கள். அவர் கேட்டாரா? கை கால் நன்றாக இருக்கும் ஒருவரைத் தொலைக்காட்சி முன் உட்கார வைப்பதை நான் மரியாதை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தாயின் வேலையைத் தாயைக் கேட்காமல் நிறுத்தியதற்கு உங்கள் கணவர் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் தயங்குவதற்குக் காரணம், அந்தக் கொல்லையில் வளர்ந்தவர் என்பதுதான்.

எல்லாவற்றையும் பிடித்துப் போக வேண்டுமா? ஒரு கூட்டத்தைப் பிடித்தாலும் தீனி அங்கேயே கிடந்தால் அடுத்த கூட்டம் வரும். தெருவெல்லாம் திரிவதால் மலிவாகத் தெரியும் இந்த நீண்ட வால் குரங்கை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. உங்களுக்கு வடக்கே தெலுக் பஹாங்கில், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகள் வாகனத்தில் அடிபடாமல் சாலையைக் கடக்க, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு 2019-இல் மேலே பாலம் கட்டினார்கள். அதே தீவில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை. கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, பிளாஸ்டிக் பையோடு எதிரில் போகக் கூடாது, பிஸ்கட் ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டருகே குரங்குகள் உண்டு என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா நம் நாட்டில் இருக்கிறது. பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். தள்ளி நின்று கண் வைத்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். கோழிக்கூண்டுக்குச் சிறு கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள், குப்பைத் தொட்டி மூடியைக் கட்டி வையுங்கள்.

மற்றதை உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அந்தக் கூட்டம் இரவில் எந்த மரத்தில் தங்குகிறது, பன்றி எந்தப் பக்கமாக வேலி நுழைகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நாளை விடியுமுன் எழுந்து, வாளியை நீங்கள் தூக்குங்கள். கம்பு அவர் கையில் இருக்கட்டும். அவர் முன்னால் நடக்கட்டும்.