லண்டன்–நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கும் வான்வழித் தூரம் சுமார் 5,540 கி.மீ. வான்வழித் தூரம் என்பது உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு. ஆனால் நியூயார்க் போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்தான்.

காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக் காற்று ஆறு போல ஓடுகிறது. காவிரியில் பரிசல் விட்டவர்களுக்கு இது உடனே புரியும்: நீரோட்டத்தோடு போனால் துடுப்பைத் தொட்டால் போதும், எதிர்த்துப் போனால் தோள் வலிக்கும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்துவிட்டது!

பூமி கிழக்கே சுழல்வதால் மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, காற்றும் விமானமும் பூமியோடு சேர்ந்தேதான் சுழல்கின்றன.