பாப்பாவின் ஞானஸ்நானமும் அண்ணனின் வசனமும்

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். வீட்டுக்காரர் ஆர்.சி., எலத்தகிரிக்காரர், மாங்கூழ் கம்பெனியில் வேலை. கல்யாணம் அவர்கள் கோவிலில் நடந்தது. இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். பாப்பாவுக்கு எட்டு மாதம். மாமியார் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கச் சொல்கிறார். ஓசூரில் இருக்கும் என் அண்ணன் சில வருடமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். "குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி வேதத்தில் ஒரு வசனம் காட்டு, பார்க்கலாம்" என்கிறான். வீட்டுக்காரரோ, "வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அப்போஸ்தலரிலேயே இருக்கிறதே" என்கிறார். பைபிளைத் திறந்தாலே சண்டையாகிறது. நான் பத்தாவதுதான் படித்தேன். எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் வேதத்தை ஒரே மாதிரி புரிந்துகொள்ள முடியுமா? முடியாதென்றால் எதற்காக அதை எங்கள் கையில் கொடுத்தார்கள்?
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பாப்பாவின் ஞானஸ்நானம் ஒன்று. சாதாரண ஜனங்களுக்கு வேதம் ஒன்றுபோலப் புரியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடைசி வரியிலிருந்து தெரிகிறது. நான் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிற சபைக்காரி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"பத்தாவதுதான் படித்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் படித்திருந்தால் சண்டை வந்திருக்காது என்று நினைக்கிறீர்களா? 1529இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். இருவருக்கும் கிரேக்கம் தெரியும், எபிரெயம் தெரியும், அன்று ஐரோப்பாவில் வேதத்தை அவர்களைவிட ஊன்றிப் படித்தவர்கள் வெகு சிலர். பேச்சின் முடிவில் 15 காரியங்களை எழுதி, 14இல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது, அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம் பற்றியது. "இது என் சரீரம்" என்று இயேசு சொன்னது எந்த அர்த்தத்தில் என்று அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதோடு பிரிந்து போனார்கள். ஆகவே வேதத்தில் கருத்து வேறுபடுவதற்கும் படிப்புக் குறைவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். ராணியின் பொக்கிஷத்துக்கே பொறுப்பாளர். சொந்தமாகச் சுருள் வைத்திருக்கிறார், வாசிக்கத் தெரிகிறது. வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், யாராவது சொல்லிக்கொடுக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று கேட்டு, ஏறி உட்காரச் சொல்கிறார். அவ்வளவு பெரிய மனிதருக்கே பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் விளங்கிக்கொள்ளக் கடினமானவை என்று பேதுருவின் இரண்டாம் நிருபமே சொல்கிறது. வேதம் தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்களோடு உட்கார்ந்து மத்தேயு 20ஆம் அதிகாரம் வாசித்தோம். திராட்சத்தோட்டத்துக்காரர் விடிகாலையில் போய்க் கூலியாட்களைக் கூப்பிடுகிறார். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். எல்லாருக்கும் ஒரே கூலி. அந்த ஐந்து மணி ஆட்களைச் சோம்பேறிகள் என்று சொல்லும் பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அங்கே ஓர் அம்மா இருந்தார். மழை பொய்த்த வருடங்களில் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய், தினமும் காலையில் ரோட்டோரம் மேஸ்திரிக்காகக் காத்து நின்றவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர் சொன்னார்: "சோம்பேறியா இருந்தா பத்து மணிக்கே ஊட்டுக்குப் போயிருப்பான். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நிக்கிறவன், இன்னிக்கு அடுப்பு எரியணுமேன்னு நிக்கிறவன். அவனை யாரும் கூப்பிடல, அவ்ளோதான்."

வசனத்தைத் திரும்பப் பாருங்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த ஆட்கள் சொன்ன பதில் அதேதான்: ஒருவரும் எங்களுக்கு வேலை தரவில்லை. கொடுத்த ஒரு பணம் அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பாட்டுக்கான கூலி. தோட்டத்துக்காரர் வேலை செய்த நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் வீட்டில் பசித்திருப்பவர்களைப் பார்த்துக் கொடுக்கிறார் என்பதை அந்த அம்மா ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டார். அவருக்குப் புரிந்தது வசனத்தில் இருப்பதுதான், அவராக எதையும் சேர்க்கவில்லை.

அதே அம்மா வெளிப்படுத்தலில் வரும் ஆயிரம் வருஷ அரசாட்சியைப் பற்றிக் கேட்டபோது, சபைகளுக்குள் அதற்கு மூன்று விதமான விளக்கம் உண்டு என்றுதான் சொன்னேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

1640களில் இங்கிலாந்தில் கூடிய புராட்டஸ்டன்ட் போதகர் சங்கம் இதை அளந்து எழுதி வைத்தது. வேதத்தில் உள்ள எல்லாமே ஒரே அளவுக்குத் தெளிவாக இல்லை, ஆனால் இரட்சிப்புக்கு வேண்டியவை படிக்காதவருக்கும் புரியும் அளவுக்கு எங்காவது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பது அதன் சாரம். கத்தோலிக்கர்கள் பக்கம் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசிகள் எல்லாரும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதற்கு அதிகாரபூர்வமாக விளக்கம் சொல்லும் பொறுப்பு திருச்சபையின் ஆசிரியத்துக்கு, அதாவது போப்பும் ஆயர்களும் சேர்ந்த போதனை அதிகாரத்துக்கு, உரியது என்றும் சொன்னது. உங்கள் வீட்டுச் சண்டையின் வேர் இங்கேயும் இருக்கிறது. அண்ணனுக்கு வசனத்தோடு பேச்சு முடிகிறது. வீட்டுக்காரருக்கு அந்த வசனத்தை ஆதிமுதல் திருச்சபை எப்படி வாழ்ந்து காட்டியது என்பதும் சேர்ந்துதான் சாட்சி. இதைப் பேசாமல் வசனத்தை மட்டும் ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டிருந்தால் ராத்திரி முழுக்கப் பேசினாலும் தீராது.

சரி, அந்த வசனத்துக்கே வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் கதை. 33ஆம் வசனத்தில் "அவனும் அவனுடையவர்கள் அனைவரும் உடனே ஞானஸ்நானம் பெற்றார்கள்" என்று இருக்கிறது. அனைவரும் என்றால் கைக்குழந்தை இருந்திருந்தால் அதுவும்தானே என்பது அவர் வாதம். நியாயமான வாதம். அண்ணன் ஒரு வசனம் முன்னேயும் ஒரு வசனம் பின்னேயும் காட்டுவான்: 32இல் வீட்டிலிருந்த அனைவருக்கும் வசனம் போதிக்கப்பட்டது, 34இல் வீட்டார் அனைவரோடும் அவன் விசுவாசித்து மகிழ்ந்தான். போதனை கேட்டு விசுவாசிக்கிற வயதுள்ளவர்கள்தான் அந்த வீட்டில் இருந்தார்கள் என்பது அவன் வாதம். அதுவும் நியாயமானது, வலுவானதும்கூட. அந்த வீட்டில் குழந்தை இருந்ததாகவும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. லீதியாள் வீட்டாரைப் பற்றி இதே அதிகாரத்தில் சொல்லும்போதும், ஸ்தேவான் வீட்டாரைப் பற்றி 1 கொரிந்தியர் 1இல் சொல்லும்போதும் அப்படித்தான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடு என்ற கட்டளை புதிய ஏற்பாட்டில் கிடையாது. கொடுக்காதே என்பதும் கிடையாது. வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்று பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு சொன்னதை ஒரு சாரார் பிடித்துக்கொள்கிறார்கள், விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் என்ற மாற்கு 16:16ஐ இன்னொரு சாரார். இருவரும் யோக்கியமாகத்தான் வாசிக்கிறார்கள்.

இது நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. சுமார் கி.பி. 200இல், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுப்பானேன், வளரட்டுமே என்று எழுதினார். அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்போதே ஆட்சேபமும் இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. மார்பர்க்குக்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பு, 1527 ஜனவரியில், ஸ்விங்லியின் ஊரான சூரிச்சில், வளர்ந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஃபெலிக்ஸ் மான்ட்ஸ் என்ற இளைஞரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஒரு காலத்தில் ஸ்விங்லியோடு சேர்ந்து வேதம் படித்தவர் அவர். கொன்றவர்களுக்கும் பகைவரை நேசியுங்கள் என்ற வசனம் நன்றாகத் தெரியும். அந்த வசனம் புரியவில்லை என்று அவர்கள் சொல்லியிருக்க முடியாது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், தங்கச்சி. உங்கள் மாமியார், வீட்டுக்காரர், அண்ணன், நீங்கள் நாலு பேரும் வேதத்தை எவ்வளவு ஒன்றாகப் புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? சிலுவையும் உயிர்த்தெழுதலும் ஒன்று. பசித்தவனுக்குச் சாப்பாடு போடச் சொன்னது, மன்னிக்கச் சொன்னது, கூலியைப் பிடித்து வைக்காதே என்று யாக்கோபு எழுதியது, எதிலும் உங்களுக்குள் வேறுபாடு கிடையாது. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற கலாத்தியர் வசனத்தைத் தமிழ்நாட்டில் எல்லாச் சபையும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டிருக்கிறது. அப்படியும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கிறது. புரியாமல் போன வசனங்களால் நமக்கு வந்த கேட்டைவிட, நன்றாகப் புரிந்தும் ஓரமாக வைத்த வசனங்களால் வந்த கேடு அதிகம் என்பது என் எண்ணம்.

விளக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. இதற்கு ஆதித் திருச்சபையின் அறிஞரான அகுஸ்தீன் ஓர் உவமை சொல்கிறார். ஒரு வசனத்தை எழுதியவர் நினைக்காத அர்த்தத்தில் ஒருவன் புரிந்துகொண்டான், ஆனாலும் அந்தப் புரிதல் தேவனையும் பிறரையும் நேசிக்கத்தான் அவனைக் கொண்டுபோகிறது என்றால், அவன் பாதையை விட்டு வயல் வழியாக நடந்து அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்தவன் மாதிரி. அவனையும் திருத்தத்தான் வேண்டும் என்கிறார் அகுஸ்தீன், பாதையை விடுவது பழக்கமாகிவிட்டால் ஒருநாள் வேறு ஊருக்குப் போய்விடுவானே என்பதற்காக.

இனி பாப்பா விஷயம். நீங்கள் மூன்று பேரும் இதை வசனச் சண்டையாக மட்டும் பார்க்கிறீர்கள். இதில் ஒரு வாக்கும் இருக்கிறது. கத்தோலிக்கக் கோவிலில் வேறு சபைப் பெண்ணைக் கட்டும்போது, பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்து வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். அதை உங்களுக்கும் தெரிவித்திருப்பார்கள். அந்த வாக்கைக் கேட்டுக்கொண்டுதான் நீங்கள் கழுத்தை நீட்டியிருக்கிறீர்கள். நீங்கள் வளர்ந்த சி.எஸ்.ஐ. சபையும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைதான். பெற்றவர்கள் இருவருக்கும் இதில் மனம் ஒத்திருக்கும்போது நாள் குறிப்பதில் தவறில்லை, குறியுங்கள். முடிவு உங்கள் இருவருடையது. மாமியாருடையதும் இல்லை, அண்ணனுடையதும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்து செய்யுங்கள்: தண்ணீரால் திரித்துவ நாமத்தில் ஒருமுறை கொடுத்ததை ஆர்.சி.யிலும் சி.எஸ்.ஐ.யிலும் மறுபடி கொடுக்கமாட்டார்கள். பாப்பா வளர்ந்து அண்ணன் வழிக்குப் போக நினைத்தால் அங்கே முழுக்கு எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்கு அதை அவளே யோசிக்கட்டும்.

அண்ணன் பேச்சில் உங்களைக் குத்தியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குக் கொடுத்தால் செல்லாது என்றால், குழந்தையாக உங்களுக்குக் கொடுத்ததும் செல்லாது என்றாகிறது. இத்தனை வருடம் ஜெபித்ததெல்லாம் என்னவாம் என்று மனசு கேட்டிருக்கும். இதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். வசனத்துக்கு வசனம் சொல்லாமல், "நீ சொன்னது எனக்கு இப்படி வலிக்கிறது, அண்ணா" என்று சொல்லுங்கள்.

அதன்பின் ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மூன்று பேருமாக அப்போஸ்தலர் 16ஐ முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசியுங்கள். அவன் பைபிளிலும் ஒருமுறை, உங்கள் வீட்டுக்காரர் வைத்திருக்கும் திருவிவிலியத்திலும் ஒருமுறை. பிறகு அண்ணனின் காரணத்தை வீட்டுக்காரர் சொல்லட்டும், "ஆமாம், நான் சொல்வது அதுதான்" என்று அண்ணன் ஒப்புக்கொள்ளும்வரை. வீட்டுக்காரர் காரணத்தை அண்ணன் அதே மாதிரி சொல்லட்டும். அன்று யாரும் யாரையும் மாற்ற வேண்டாம். 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் ஒரே சபையானார்கள். குழந்தை ஞானஸ்நானமும், விசுவாசித்த பின் எடுக்கும் ஞானஸ்நானமும் அங்கே இரண்டுமே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. ஒரு சபைக்குள்ளேயே அது முடிகிறது, ஒரு குடும்பத்துக்குள் முடியாதா?

இன்னொன்று. ஞானப் பெற்றோராக நிற்பவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றாலும், அவரோடு ஞானஸ்நானம் பெற்ற வேறு சபைக்காரர் ஒருவர் சாட்சியாக நிற்கக் கத்தோலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அண்ணன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். உங்கள் அம்மா நிற்கலாம் அல்லவா? நாள் குறிக்கப் போகும்போதே பங்குத்தந்தையிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா