இதய அறுவை சிகிச்சைப் பயிற்சி: கத்தி கைக்கு வருவது எப்போது?

ஊட்டி மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: இதய, நெஞ்சக அறுவை நிபுணராக எத்தனை வருஷம் ஆகும், பயிற்சியில் என்ன செய்ய விடுவார்கள்?

கணக்கு எளிது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.எஸ். பொது அறுவை 3, பிறகு நீட் எஸ்.எஸ். என்ற உயர்சிறப்பு நுழைவுத் தேர்வு எழுதி, எம்.சிஎச். என்ற உயர்சிறப்பு அறுவைப் பட்டம் 3. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேராகச் சேரும் ஆறு வருட டி.ஆர்.என்.பி. (தேசியத் தேர்வு வாரியப் பட்டம்) வழியும் உண்டு. எப்படியும் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். கோயம்புத்தூர், வேலூர், சென்னை என்று.

முதலில் இதயத்தைத் தொட விட மாட்டார்கள். காலிலிருந்து பைபாஸுக்கான சிரையைக் கிழியாமல் எடுப்பதுதான் தொடக்கம். அதற்கே பொறுமை வேண்டும். கிளைச் சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், ஒன்று விட்டாலும் பிறகு ரத்தம் கசியும். அடுத்து மார்பெலும்பை ரம்பத்தால் பிளப்பது, மூடுவது, அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இதய நுரையீரல் இயந்திரத்துக்குக் குழாய் பொருத்துவது. முடி போன்ற நூலால், இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி நாளத்தில் தைப்பது கடைசியில்தான் வரும். (கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி அறையில் தைத்துப் பழகுவோம். வார்டன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!)

உண்மையான பாடம் இரவு ஐ.சி.யு.வில். அறுவைக்குப் பின் மார்பில் சேரும் ரத்தத்தை வெளியேற்றும் நெஞ்சுக் குழாயில் மணிக்கு எவ்வளவு ரத்தம் வருகிறது என்று பார்ப்பீர்கள். அது சட்டென நின்றால் நிம்மதி கொள்ளாதீர்கள். குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்தலாம். ரத்த அழுத்தம் இறங்குகிறதா பார்த்து உடனே சீனியரை எழுப்புங்கள், திட்டினாலும் பரவாயில்லை.